மின்காந்தம் சூடானால் இழுவை ஏன் குறைகிறது? வீட்டிலேயே அளந்து பார்க்க முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எந்தப் பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் போனாலும் ஒரு மேசையில் ஆணியில் கம்பி சுற்றிய மின்காந்தம் கட்டாயம் இருக்கும். பக்கத்தில் சார்ட்டில், "வெப்பநிலை கூடினால் காந்த வலிமை குறையும், ஏனென்றால் இரும்பின் அணுக்கள் அதிர்ந்து ஒழுங்கு குலைந்துவிடும்" என்று எழுதியிருப்பார்கள். முதல் பாதி சரி. இரண்டாம் பாதி, அந்த மேசையில் இருக்கிற மின்காந்தத்தைப் பொறுத்தவரை, கிட்டத்தட்ட தப்பு. இரும்பு பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனாலும் இரும்பின் உச்சக் காந்தமாக்கம் ஒன்றிரண்டு சதவீதம்தான் குறையும். ஆனால் அதே மின்காந்தத்தின் இழுவை பாதியாகக் குறைவதை நீங்களே அளந்து பார்க்கலாம். மீதியெல்லாம் யார் வேலை என்றால், மேலே சுற்றியிருக்கும் செம்புக் கம்பியின் வேலை.

செம்பு சூடானால் அதன் மின்தடை ஏறும், டிகிரிக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம். வோல்டேஜ் மாறாமல் இருக்கும்போது மின்தடை ஏறினால் கரண்ட் இறங்கும், கரண்ட் இறங்கினால் காந்தப்புலம் இறங்கும். இழுவை விசையோ புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் கரண்ட் 10 சதவீதம் குறைந்தால் இழுவை 19 சதவீதம் போய்விடும். விஷயம் இவ்வளவுதான். இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டுவதைவிட ஒரு போல்ட்டில் கம்பி சுற்றி அளந்து காட்டுவது நல்லது. ஆசிரியரும் நம்புவார், நமக்கும் மறக்காது.

என்னென்ன வேண்டும்

10 மி.மீ. தடிமன், 100 மி.மீ. நீளம் உள்ள சாதா இரும்பு போல்ட் ஒன்று. தலையில் 8.8 என்று அடித்திருந்தால் வேண்டாம், அது கடினமான எஃகு, கரண்டை நிறுத்திய பிறகும் கொஞ்சம் காந்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அளவுகள் குழம்பும். 4.6 என்று அடித்ததோ, ஒன்றும் அடிக்காத மலிவான போல்ட்டோ போதும். லேத் பட்டறையில் தெரிந்தவர் இருந்தால் தேனிரும்புத் துண்டு கேட்டுப் பாருங்கள், அது இன்னும் நல்லது.

28 கேஜ் எனாமல் கம்பி (மின்சாரம் கசியாதபடி மெல்லிய பூச்சுப் பூசிய செம்புக் கம்பி), 50 கிராம். மோட்டார் வைண்டிங் கடையில் எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். போர்வெல் மோட்டார் இல்லாத ஊர் நம் பக்கத்தில் கிடையாது, அதனால் வைண்டிங் கடை இல்லாத சின்ன டவுனும் கிடையாது. நமக்குத் தேவை சுமார் 23 மீட்டர், அது 25 கிராமுக்குள் வந்துவிடும், மீதி கைவசம் இருக்கட்டும். அதே கடையில் ஒரு துண்டு லெதராய்டு பேப்பரும் (வைண்டிங்கில் காப்புக்கு வைக்கும் தடித்த காகிதம்) வாங்கிக்கொள்ளுங்கள். செல்லோடேப் வேண்டாம், சூட்டில் பசை உருகி வழியும்.

மின்சாரத்துக்குப் பழைய மாடல் போன் சார்ஜர், 5 வோல்ட் 2 ஆம்பியர். இரண்டு முனையும் டைப் சி உள்ள புதிய சார்ஜர்கள் எதிர்முனையில் போன் இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகுதான் வோல்டேஜ் கொடுக்கும், வெறும் கம்பிக்குக் கொடுக்காது. பேட்டரி செல் ஏன் கூடாது என்றால், செல்லின் வோல்டேஜ் தானாகவே இறங்கிக்கொண்டே வரும். அப்புறம் காந்தம் சூட்டால் குறைந்ததா, செல் தீர்ந்ததால் குறைந்ததா என்று பிரிக்க முடியாது. பள்ளிக் கண்காட்சிகளில் சொதப்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இவை தவிர ஒரு மல்டிமீட்டர் (இரண்டு கிடைத்தால் நிம்மதி), பார்சல் எடை பார்க்கும் ஸ்பிரிங் தராசு அல்லது தொங்கு தராசு, கொக்கி வைத்த தட்டையான இரும்புப் பட்டை ஒன்று, தடியான பாலிதீன் கவர், ஐஸ், வெந்நீர், சாதா தெர்மாமீட்டர். வீட்டு 230 வோல்ட் லைனை நேராகக் காயிலில் கொடுக்கும் யோசனையே வரக்கூடாது.

படி 1: காயில் சுற்றுவது

போல்ட்டில் தலைக்குக் கீழே 70 மி.மீ. நீளத்துக்கு லெதராய்டு பேப்பரை ஒரே சுற்றாகச் சுற்றி நூலால் கட்டுங்கள். மரையின் கூர்மை எனாமலைக் கீறாமல் இருக்கத்தான் இது. கம்பியின் முனையில் ஒரு சாண் விட்டுவிட்டு, சுற்றுக்குச் சுற்று ஒட்டினாற்போல் சுற்றிக்கொண்டே போங்கள், ஒரு அடுக்குக்கு 150, 160 சுற்று வரும், நான்கு அடுக்கில் 600 ஆகிவிடும். ஒரே திசையில் சுற்றுவது முக்கியம். அடுக்கு மாறும்போது கம்பி திரும்பி வரலாம், ஆனால் சுற்றும் திசை மாறினால் ஒரு பாதி இன்னொரு பாதியை அழித்துவிடும். கை டிரில்லில் போல்ட்டை மாட்டி மெதுவாகச் சுழற்றினால் வேலை சீக்கிரம் முடியும். கடைசியில் இரண்டு முனையிலும் எனாமலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் செம்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டுங்கள்.

இப்படிச் சுற்றிய காயிலின் மின்தடை 20 டிகிரியில் சுமார் 3.5 ஓம் வர வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை, நமக்கு விகிதம்தான் முக்கியம்.

படி 2: மின்தடையைச் சரியாக அளப்பது

மல்டிமீட்டரை ஓம் பக்கம் திருப்பி நேராக அளந்தால் தப்பான அளவுதான் வரும். மீட்டரின் வயர்களுக்கே 0.3, 0.4 ஓம் இருக்கும், 3.5 ஓம் காயிலுக்கு அது பெரிய பிழை. அதனால் காயிலுக்கு மின்சாரம் கொடுத்து, காயில் முனைகளில் வோல்டேஜையும் ஓடும் கரண்டையும் பார்த்து, வோல்டேஜைக் கரண்டால் வகுத்துவிடுங்கள். கரண்ட் பார்க்கும்போது சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருக மறக்க வேண்டாம். வோல்டேஜைச் சார்ஜர் முனையில் பார்க்காமல் காயில் முனையிலேயே பாருங்கள், மெல்லிய சார்ஜர் கேபிளிலும் கொஞ்சம் வோல்டேஜ் விழும்.

காயிலை ராத்திரி முழுக்க அறையிலேயே வைத்துவிட்டு, காலையில் தெர்மாமீட்டர் காட்டும் அளவையும் அப்போதைய மின்தடையையும் குறித்துக்கொள்ளுங்கள். இதுதான் நம் அடிப்படை அளவு. இதற்கு மேல் தெர்மாமீட்டரே தேவையில்லை, காயிலே தெர்மாமீட்டராகிவிடும். வைண்டிங் வேலையில் பயன்படும் சூத்திரம் இது: செம்புக் கம்பியில் புதிய மின்தடையைப் பழைய மின்தடையால் வகுத்தால் வருவது, (234.5 + புதிய வெப்பநிலை) என்பதை (234.5 + பழைய வெப்பநிலை) என்பதால் வகுத்தால் வருவதற்குச் சமம். அந்த 234.5 செம்புக்கு மட்டும். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் மோட்டார் உள்ளே எவ்வளவு சூடாகிறது என்பதைத் திறக்காமலே சொல்லலாம்.

படி 3: இழுவையை அளப்பது

எத்தனை குண்டூசி ஒட்டியது என்று எண்ணுவது சின்னப் பிள்ளைகளுக்குச் சரி. ஒரே காந்தத்தில் இரண்டு தடவை எண்ணினாலே இரண்டு கணக்கு வரும். போல்ட்டின் தலையைத் தட்டையாக அரம் போட்டுத் தேய்த்து, அதற்கும் இரும்புப் பட்டைக்கும் நடுவே ஒரே ஒரு தாள் நோட்டுக் காகிதம் வையுங்கள். காகிதம் ஒரே அளவு இடைவெளியைக் கொடுக்கும், மேற்பரப்பின் சொரசொரப்பும் மிச்சக் காந்தமும் அளவைக் கெடுக்காது. பட்டையின் கொக்கியில் தராசை மாட்டி நேர்க்கோட்டில் மெதுவாக இழுத்து, பிய்த்துக்கொண்டு வரும் கணத்தின் எடையைக் குறியுங்கள். எடை மிகக் குறைவாக வந்தால் சிறிய அளவு உள்ள ஸ்பிரிங் தராசுக்கு மாறுங்கள்.

பட்டையில் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு, விழும்வரை தண்ணீர் ஊற்றும் முறையும் உண்டு. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இந்தச் சோதனைக்கு உதவாது. காரணம் நேரம். இந்தக் காயிலில் ஏறக்குறைய 7 வாட் சூடாகச் செலவாகிறது, கம்பியோ 25 கிராம்கூட இல்லை, அதனால் ஸ்விட்ச் போட்ட முதல் நொடிகளில் கம்பியின் சூடு நொடிக்கு அரை டிகிரிக்குக் குறையாமல் ஏறும். பாட்டில் நிரம்புவதற்குள் நீங்கள் 0 டிகிரியில் அளக்க நினைத்தது 15 டிகிரியாகியிருக்கும். ஆகவே மின்சாரம் கொடு, கரண்டைப் பார், இழு, நிறுத்து, எல்லாம் நான்கைந்து நொடிக்குள் முடிய வேண்டும். இரண்டு பேர் இருந்தால் சுலபம்.

படி 4: ஐஸ், அறை, வெந்நீர்

காயிலை ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பாலிதீன் கவரில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, முனைக் கம்பிகள் மட்டும் வெளியே தெரியும்படி ஐஸ் தண்ணீரில் அரை மணி நேரம் வையுங்கள். போல்ட்டின் நடுப்பகுதி வரை குளிர வேண்டும். எடுத்துத் துடைத்து, அரை நிமிடத்துக்குள் அளந்துவிடுங்கள். அடுத்து அறை வெப்பநிலை. அப்புறம் 60 டிகிரி வெந்நீர். கடைசியில் கொதிக்கும் தண்ணீர். கவர் பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தொங்கட்டும், தொட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும்.

கொதிநீர் என்றதும் 100 டிகிரி என்று எழுதிவிடாதீர்கள். அது கடல்மட்டத்தில். ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஓசூரைவிடத் தாழ்வு, அங்கே 98-ஐத் தாண்டும். எப்படியும் மின்தடையை வைத்துக் கணக்குப் போட்டால் உண்மையான சூடு தெரிந்துவிடும்.

என்ன வர வேண்டும் என்று கணக்கில் சொல்கிறேன், உங்கள் அளவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காயில் முனையில் சரியாக 5 வோல்ட் இருந்தால், 0 டிகிரியில் மின்தடை 3.22 ஓம், கரண்ட் 1.55 ஆம்பியர். 30 டிகிரியில் 3.64 ஓம், 1.37 ஆம்பியர். 60 டிகிரியில் 4.05 ஓம், 1.23 ஆம்பியர். 97 டிகிரியில் 4.56 ஓம், 1.10 ஆம்பியர். இப்போது கடைசியையும் முதலையும் வகுத்து வர்க்கம் எடுங்கள்: 1.10-ஐ 1.55-ஆல் வகுத்தால் 0.71, வர்க்கம் 0.50. ஐஸிலிருந்து எடுத்த காந்தம் ஒரு கிலோ தூக்கினால், ஓசூரில் கொதிநீரிலிருந்து எடுத்த அதே காந்தம் அரைக் கிலோதான் தூக்கும். வட்டமாகச் சொல்வதற்காகச் சொன்னதில்லை, கணக்கே அப்படித்தான் அமைகிறது.

உங்கள் அளவில் சரியாகப் பாதி வராமல் 0.53, 0.55 என்று வந்தால் கவலைப்பட வேண்டாம். மிச்சக் காந்தம் கொஞ்சம் உதவியிருக்கும், சார்ஜர் கேபிளின் மின்தடை சூடாகாததால் மாற்றத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தியிருக்கும். 0.9 என்று வந்தால்தான் எங்கோ தவறு, பெரும்பாலும் காயில் நன்றாகச் சூடாகும் முன்பே எடுத்திருப்பீர்கள்.

படி 5: இரும்பா, செம்பா? பிரித்துக் காட்டும் சோதனை

மேலே செய்ததை வைத்து மட்டும் "செம்புதான் காரணம்" என்று சொன்னால் எதிராளி ஒத்துக்கொள்ள மாட்டார், இரும்பும்தானே கூடவே சூடானது என்பார். நியாயமான கேள்வி. அதனால் கரண்டை மாறாமல் பிடித்துவைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ கரண்ட் லிமிட் குமிழ் வைத்த பவர் சப்ளை இருக்கும். 1 ஆம்பியரில் வையுங்கள். ஐஸில் அது 3.2 வோல்ட் கொடுக்கும், கொதிநீரில் தானாகவே 4.6 வோல்ட்டுக்கு ஏற்றிக்கொள்ளும், கரண்ட் மட்டும் 1 ஆம்பியரிலேயே நிற்கும். இழுவையைப் பாருங்கள், தராசில் வித்தியாசமே தெரியாது. போல்ட் முன்பு சூடான அளவுதான் இப்போதும் சூடாகியிருக்கிறது, ஆனால் வலிமை குறையவில்லை. சார்ட்டில் இந்த இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தால் வேறு விளக்கமே தேவையில்லை.

அந்த சப்ளை கிடைக்காதவர்கள் எல்.எம். 317 ஐ.சி. ஒன்றும் 1.2 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் வாங்கி 12 வோல்ட்டில் ஒரு நிலையான கரண்ட் சுற்று செய்துகொள்ளலாம், ஏறக்குறைய 1 ஆம்பியர் வரும். ஐ.சி.க்குப் பெரிய ஹீட் சிங்க் கட்டாயம். அதுவும் முடியாவிட்டால் 12 வோல்ட் பைக் பேட்டரியோடு தொடராக 8.2 ஓம், 20 வாட் செராமிக் ரெசிஸ்டர் போடுங்கள். மொத்த மின்தடையில் பெரும்பங்கு ரெசிஸ்டருடையது, அது காயிலோடு சேர்ந்து வெந்நீரில் வேகவில்லை. அப்போது ஐஸுக்கும் கொதிநீருக்கும் நடுவே இழுவை 50 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம்தான் குறையும்.

படி 6: தன் சூட்டிலேயே தளர்வது

இனி வெந்நீர் வேண்டாம். காயிலை மேசையில் ஒரு ஓட்டுத்துண்டு மேல் வைத்து, சார்ஜரை மாட்டி, கரண்டை மட்டும் பார்த்துக்கொண்டே இருங்கள். 1.37-இல் தொடங்கியது மெல்ல இறங்கும், முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. 1.18-க்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மின்தடை விகிதம் 1.161. அறை 30 டிகிரி என்றால் 264.5-ஐ 1.161-ஆல் பெருக்கி 234.5-ஐக் கழியுங்கள், 73 டிகிரி. வெளியே தொட்டுப் பார்த்தால் அவ்வளவு தெரியாது, ஏனென்றால் இந்தக் கணக்கு முழுக் கம்பியின் சராசரி, உள் அடுக்குகள் மேல் அடுக்கைவிடச் சூடு. இழுவையில் கால்பங்கு போயிருக்கும். கணக்கு 100 டிகிரியை நெருங்கினால் நிறுத்திவிடுங்கள்.

இதற்கு மருந்து என்ன? நிறையப் பேர் கம்பியைக் குறைத்தால் கரண்ட் கூடும், வலிமை கூடும் என்று நினைக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். ஒரு சுற்றின் மின்தடை இவ்வளவு என்றால், 600 சுற்றுக்கு 600 மடங்கு. வோல்டேஜை இதால் வகுத்தால் கரண்ட், அதை மறுபடி 600-ஆல் பெருக்கினால் ஆம்பியர்-சுற்று, காந்தத்தின் வலிமை இதைப் பொறுத்ததுதான். 600 அடிபட்டுப் போகிறது! ஒரே வோல்டேஜில் ஆம்பியர்-சுற்றைத் தீர்மானிப்பது கம்பியின் தடிமனும் ஒரு சுற்றின் நீளமும்தான், எண்ணிக்கை கிடையாது. 300 சுற்றோ 600 சுற்றோ வலிமை ஏறக்குறைய ஒன்று. ஆனால் 600 சுற்றில் கரண்ட் பாதி, சூடும் பாதி. சூடாகிற மின்காந்தத்துக்கு அதே கேஜ் கம்பியில் இன்னும் இரண்டு அடுக்கு சுற்றுவதுதான் முதல் வைத்தியம்.

அப்படியானால் இரும்பு எப்போது கைவிடும்?

770 டிகிரியில். பியர் க்யூரி 1895-இல் காந்தப் பண்பும் வெப்பநிலையும் பற்றி ஆய்வேடு எழுதினார், அவர் பெயரில்தான் இது க்யூரி வெப்பநிலை. நிக்கலுக்கு 358 டிகிரி வாக்கில், கோபால்ட்டுக்கு 1,100-க்கும் மேல். அணுக்கள் அதிர்ந்து ஒழுங்கு குலையும் அந்தச் சார்ட் விளக்கம் பொருந்துகிற இடம் இதுதான். அதற்கு வெகு கீழே, வலுக்குறைந்த புலத்தில், சூடாக்கினால் இரும்பு இன்னும் எளிதாகவே காந்தமாகும் என்பது கூடுதல் செய்தி. ஜான் ஹாப்கின்சன் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கண்ட விளைவு இது. நம் போல்ட்டில் காற்று இடைவெளி பெரியது என்பதால் இது தெரியாது.

இதைப் பார்க்க ஆசைப்பட்டால் கொல்லன் பட்டறைக்குப் போங்கள். மெல்லிய ஆணி ஒன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, பக்கவாட்டில் காந்தம் வைத்து அது சாய்ந்து நிற்கும்போது ஆணியை மட்டும் காய்ச்சினால், செக்கச்செவேலென்று ஆகும் தருணத்தில் காந்தத்தை விட்டு விலகித் தொங்கும். ஆறினால் திரும்ப ஒட்டும். காந்தத்தைத் தீயிலிருந்து தள்ளி வையுங்கள், அதுவும் சூடானால் நிரந்தரமாகக் கெட்டுவிடும். இரும்பைக் காய்ச்சி அடிப்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்தக் கொல்லர்களும் சிவந்த இரும்பைத்தான் அடித்திருப்பார்கள், காந்தம் மட்டும் கையில் இல்லை.

குளிர்ப் பக்கம் போனால் கதை நேர்மாறு. திரவ நைட்ரஜனில், அதாவது மைனஸ் 196 டிகிரியில், செம்பின் மின்தடை ஏழில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு என்று விழுந்துவிடும். இன்னும் கீழே, பெரும்பாலான எம்.ஆர்.ஐ. இயந்திரங்களில் இருப்பது நியோபியம்-டைட்டானியம் காயில், திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரியில் மூழ்கியிருக்கும், மின்தடையே கிடையாது. 1911-இல் காமர்லிங் ஆன்ஸ் பாதரசத்தில் கண்ட மீகடத்தல்தான் அது. அங்கே வெப்பநிலை சில டிகிரி ஏறினால் வலிமை கொஞ்சம் குறைவது என்ற பேச்சில்லை, மீகடத்தல் அறுந்து காந்தமே சரிந்துவிடும்.

நம் ஊர் வேலைகளில் இது எங்கே உதைக்கும்

டி.சி. காயில் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம். டிராக்டர், வண்டி ரிலே (காயிலின் இழுவையால் இயங்கும் ஸ்விட்ச்) காலையில் 12 வோல்ட்டில் சட்டென்று பிடிக்கும், மதியம் எஞ்சின் சூட்டில், பேட்டரியும் கொஞ்சம் இறங்கியிருந்தால், பிடிக்காமல் தடுமாறும். ரிலேயின் பிடிக்கும் வோல்டேஜ் 20 டிகிரியில் சொன்ன கணக்கு, 80 டிகிரியில் அது ஏறக்குறைய 24 சதவீதம் கூடிவிடும். பழைய இரும்பு தூக்கும் கிரேன் காந்தமும் அப்படித்தான், காலையில் தூக்கிய பாரத்தைப் பல மணி நேரம் ஓடிய பிறகு தூக்காது. அதனால் அந்தக் காந்தங்களுக்குச் சூடான நிலையில் எவ்வளவு தூக்கும் என்பதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், குளிர்ந்த நிலைக் கணக்கை நம்பினால் பாரம் நடுவழியில் விழும்.

பம்ப்செட் ஸ்டார்ட்டரில் இருக்கும் நோ வோல்ட் காயில் (கரண்ட் இருக்கும்வரை ஸ்டார்ட்டரைப் பிடித்து வைக்கும் காயில்) மட்டும் வேறு ரகம். அது ஏ.சி. அதில் கரண்டைப் பெரும்பாலும் கட்டுப்படுத்துவது கம்பியின் மின்தடை இல்லை, காயிலின் தூண்டல், அதாவது மாறும் கரண்டைக் காயில் எதிர்க்கும் தன்மை. ஆகவே வெயிலில் ஸ்டார்ட்டர் பெட்டி கொதித்தாலும் இழுவை அவ்வளவாகக் குறையாது. மதியம் அது உறுமிக்கொண்டு பிடிக்காமல் நின்றால் வெயிலைத் திட்டாதீர்கள், லைன் வோல்டேஜைப் பாருங்கள். வோல்டேஜ் குறைந்து ஆர்மேச்சர் (காயில் இழுக்கும் இரும்புத் துண்டு) முழுக்க ஒட்டாமல் நின்றால் தூண்டல் குறைந்தே இருக்கும், கரண்ட் பல மடங்கு ஓடி காயில் கருகும். உறுமல் கேட்டால் உடனே ஸ்டாப் பொத்தானை அழுத்திவிட்டு, ஒட்டும் முகங்களில் தூசி, துரு இருக்கிறதா என்று மெயினை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.